வெளுத்த பிளக்

சிரிங்கடா, நல்லா சிரிங்க. காலைலேர்ந்து இந்த பேக்கரி வாசல்ல உக்காந்துக்கிட்டு போற வர்ற வண்டிக்கெல்லாம் மார்க்கு போட்டுட்டிருக்கீங்களே, ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். உங்க வண்டியில ஆயில எந்த மூடியத் தொறந்து ஊத்தணும்னு தெரிஞ்சவன் கை தூக்கு. பாத்தியா, டேவிட்டு தூக்கறான். போன மாசம் பிரேக் ஆயில் டப்பாவத் தொறந்து என்ஜின் ஆயில ஊத்தப் போனவன் அவன், கையக் கீழ போடு சாமி. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் சத்தம். படபடன்னு வந்தா வண்டி, இல்லன்னா மொபட்டு. ரெண்டு காத மட்டும் வெச்சுக்கிட்டு பொழைக்க வந்த கூட்டம் நாம. அதனாலதான் இத உங்ககிட்ட சொல்றேன். பூவரசன் தெரியுமில்ல, அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு அடிவாரம் போற ரோட்டுல, மாதேஸ் அண்ணன் பட்டறையில ஸ்பேனர் புடிக்கறானே, நம்ம பூவு. அவனோட ஒரு மத்தியானத்தச் சொல்லப் போறேன், ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும். பெருசா ஒண்ணும் நடக்காது, சண்டை கெடையாது, தொரத்தல் கெடையாது. ஒருத்தன் ஒரு சைலன்சரக் கழட்டறான், அவ்ளோதான். அவன் மண்டைக்குள்ள ஓடுனதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்னு கேப்பீங்க. பாதி அவனே சொன்னான். மீதி எப்படித் தெரியும்ங்கறத கடைசியில சொல்றேன், அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு பப்ஸத் தின்னுங்க.

ரெண்டு மணி வெயிலு தகரத்துல எறங்கி, தகரத்துலேர்ந்து பூவு தலையில எறங்கிக்கிட்டு இருந்துச்சு. சாப்பாட்டு டப்பாவுல எலுமிச்சஞ்சோறு பாதி அப்படியே கெடந்தது. கை கழுவியும் மண்ணெண்ணெய் வாசன போகல, சோத்துலயும் அதே வாசன, நாக்குலயும் அதே வாசன. குத்துக்கால் போட்டு வண்டிக்கு முன்னாடி உக்காந்தான். யுவராஜோட வண்டி. ஞாயித்துக்கிழமை காலையில ஏற்காடு மலைப்பாதையில பதினாலாவது வளைவுல என்ஜின் புடிச்சுக்கிட்டு, பின்சக்கரம் நின்னு, யுவாவத் தூக்கி ஓரக் கட்டைச்சுவத்துல அடிச்சு, அவன் கால் மேலயே விழுந்த வண்டி. நாலு நாளாச்சு. யுவா பெரியாஸ்பத்திரியில மொழங்காலுக்குக் கீழ கம்பி வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கான், வண்டி குட்டியானையில ஏறி இங்க வந்து இவன் முன்னாடி சாஞ்சுக்கிட்டு நிக்குது. நாலு மணிக்கு அவங்கப்பா அர்த்தநாரி வர்றாரு, வண்டியப் பாத்துட்டு எடுத்துட்டுப் போக. மாதேஸ் அண்ணன் காலையிலயே சொல்லிட்டாரு. "பூவு, அந்த வெளி சைலன்சரக் கழட்டிப் போட்டுட்டு கம்பெனி சைலன்சர மாட்டிரு. கார்பரேட்டரக் கழுவிரு. அவரு வர்றப்ப வண்டி வண்டியா இருக்கணும், பொம்மக் கடையாட்டம் இருக்கக் கூடாது." அப்புறம் சொன்னாரு, "பையன் செகண்ட் கியர்லயே முறுக்கியிருக்கான், ஆயிலும் பாக்கல, அதான் நான் அவருகிட்ட சொல்லியிருக்கறது. நீயும் அதயே சொல்லு." பூவு "சரிங்கண்ணா"ன்னான். சரிங்கண்ணாங்கற வார்த்த எவ்ளோ லேசா வாயில வருது, பத்தாம் நம்பர் ஸ்பேனரு பத்தாம் நம்பர் நட்டுல உக்கார்ற மாதிரி. இந்த நட்டுதான் உக்கார மாட்டேங்குது.

என்ஜின் தலையில, புகை வர்ற பென்ட் பைப்பப் புடிச்சிருக்கற ரெண்டு நட்டுல ஒண்ணு வந்துருச்சு. ரெண்டாவது சூடு பட்டு வெந்து ஒட்டிக்கிச்சு. எண்ணெய் விட்டான், காத்திருந்தான், தட்டுனான், திருப்புனான், ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில இடிச்சது. ரத்தம் இல்ல, தோல் மட்டும் வெள்ளையா உரிஞ்சு நின்னுச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் செவப்பு வரும், அது வர்ற வரைக்கும் அவன் அதையே பாத்துக்கிட்டு இருந்தான். வெள்ளையா இருந்தா ஏதோ தப்பு. என்ஜினுக்குள்ள பொறி தட்டற பிளக்குலயும் அப்படித்தான். பிஸ்கட் கலர்ல இருந்தா என்ஜின் நல்லா இருக்குது, கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி, உள்ள நெருப்பா எரியுது. இந்தப் பட்டறையில சேந்த மொத வாரத்துல தெரிஞ்சுக்கிட்டது. வண்டிக்காரன் ஆயிரம் பொய் சொல்லலாம், அண்ணா நான் மெதுவாத்தான் ஓட்டுனேன், அண்ணா நான் யாருக்கும் குடுக்கல, ஆனா பிளக்கு பொய் சொல்லாது. இந்த வண்டியோட பிளக்க இன்னும் அவன் கழட்டல. நாலு நாளா கழட்டல. மொதல்ல நட்டு. நட்டு வரட்டும். நட்டு வந்தா பைப்பு வரும், பைப்பு வந்தா பிளக்குக்குக் கை எட்டும், அதுக்குள்ள நாலு மணியாயிட்டா நல்லது, ஆகாட்டியும் நல்லது, எதுக்கு அவசரம்.

கடையில இன்னொருத்தன் இருந்தான். வாசலோரம் பிளாஸ்டிக் ஸ்டூல்ல காலு மேல காலு போட்டுக்கிட்டு போனத் தேச்சுக்கிட்டு. பட்டறைக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, காலேஜுக்கும் இல்ல, ரெண்டாவது வருசத்துல அதுவும் அவன விட்டுருச்சு, அதனால தெனமும் இங்க வந்து உக்காருவான். பேரு இப்ப வேணாம், ஸ்டூல்காரன்னே வெச்சுக்கங்க. பொதுவா நிறுத்தாம பேசறவன். அன்னைக்குப் பேசல. நாலு நாளாவே பேசல. பூவு அவனப் பாக்காம நட்டப் பாத்தான். பாத்தா கேக்கத் தோணும். கேட்டா பதில் வரும். 'சொன்னியாடா?' அவ்ளோதான் கேள்வி. சொன்னேன்னான்னா, சொல்லியும் யுவா மலைக்குப் போயிருக்கான், அப்ப பாதிக் குத்தம் யுவாவோடது. சொல்லலன்னா. சொல்லலன்னா என்னன்னு யோசிக்கறப்பவே ரோட்டுல ஒரு வண்டி படபடன்னு போச்சு, ஸ்டூல்காரன் தலையத் தூக்கி அது பின்னாடியே பாத்துட்டுக் கவுந்துக்கிட்டான், பூவு கை நட்டுலயே நின்னுச்சு. முன்னெல்லாம் அந்தச் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் சேந்து சொல்லுவாங்க, சைலன்சருக்குள்ள கிளாஸ் வூல் எரிஞ்சு போச்சு, இல்ல கேஸ்கெட்டு லீக்கு, இல்ல இது நம்ம மாட்டுனது.

சத்தம். சனிக்கிழமை சாயந்திரம் ஆறரை மணி. பூவு வேணாம் வேணாம்னாலும் அந்த நேரம் அவன் மண்டையில வந்து நின்னுக்குது. மத்தியானமே புது சைலன்சர மாட்டிட்டான், குட்டையா, மொழுமொழுன்னு, யுவா ஆறு மாசமா போன்ல படத்தப் பாத்துப் பாத்து வாங்குனது. மாட்டறது பெரிய வேல இல்ல, யாரு வேணா மாட்டலாம். மாட்டுனதுக்கு அப்புறம் பண்றதுதான் வேல. புகை முன்ன மாதிரி திணறாம வெளிய ஓடும், அதனால என்ஜினு காத்த வாரி வாரி இழுக்கும், அதுக்குத் தக்கன பெட்ரோலையும் ஏத்திக் குடுக்கணும். கார்பரேட்டருக்குள்ள அரிசி சைசுல பித்தளையில ஒரு துண்டு, அதுல ஊசிமுனை ஓட்ட, அதான் ஜெட்டு. சின்ன ஓட்டயக் கழட்டிட்டுப் பெரிய ஓட்ட போடணும். பாலிடெக்னிக்குல தெர்மல் பேப்பர்ல மூணு தடவ பெயிலானவன் பூவு, ஆனா இது ஒண்ண மட்டும் சரியா எழுதுனான், காத்து பதினஞ்சு பங்கு, பெட்ரோலு ஒரு பங்கு. அந்த ஒரு பதிலுக்கு ரெண்டு மார்க்கு. அந்த ரெண்டு மார்க்கத்தான் சனிக்கிழமை யுவாவோட வண்டிக்குள்ள போட்டான். பெரிய ஜெட்டு மாட்டி, ஓட்டிப் பாத்து, பிளக்கக் கழட்டிப் பாத்தான், அழகா பிஸ்கட் கலரு. என்ஜினு நெய்யி மாதிரி ஓடுச்சு. வெளிய எடுத்துட்டு வந்து அங்க நின்ன கூட்டத்துக்கு முன்னாடி முறுக்கி விட்டான். விட்டா, ஒண்ணும் இல்ல. வெடிக்கல. ஆக்சிலேட்டர விடறப்ப படார் படார்னு வெடிக்குமில்ல, அது இல்ல. கனமா, கட்டயா, ஒரே சீரா ஒரு சத்தம். எல்லாரும் யுவா மூஞ்சியப் பாத்தாங்க. அப்ப ஒருத்தன் சொன்னான், "டேய் பூவு, இது என்றா கிரைண்டராட்டம் இருக்குது, அப்படியே ரெண்டு படி உளுந்து போட்டு உட்றா." வீதியே சிரிச்சுச்சு. டீக்கடைக்காரரு கிளாஸக் கழுவிக்கிட்டே சிரிச்சாரு. யுவாவும் சிரிச்சான், ஆனா அவன் சிரிப்பு காது வரைக்கும் வந்துட்டு கண்ணுக்கு வரல. ஆறு மாசம் போன்ல படத்தப் பாத்தவனோட மூஞ்சி. அந்த மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பூவு சொன்னான், "இருங்கடா, இருவது நிமிசம்."

நட்டு கொஞ்சம் அசைஞ்சுச்சு, இல்ல, அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஸ்பேனர்தான் அசைஞ்சது. பூவு வேர்வையத் தோள்பட்டயில தொடச்சான். சனிக்கிழமை இருவது நிமிசம் கூட ஆகல. பழைய சின்ன ஜெட்டையே திருப்பிப் போட்டான். பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி, எரியாம மிச்சமிருக்கறது சூடு பைப்புல போயி வெடிக்கும், அதான் அந்தச் சத்தம், அது சத்தம் இல்ல, என்ஜினோட இருமலு. நமக்கெல்லாம் புடிச்ச இருமலு. பல்பு வெளிச்சம் வண்டிக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு ஒருத்தன் போன் லைட்டப் புடிச்சான். கிரைண்டருன்னு சொன்னவனேதான், அவன்தான் இப்ப ஸ்டூல்ல உக்காந்திருக்கறவன். லைட்டப் புடிச்சுக்கிட்டே கேட்டான், "இதனால வண்டிக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" பூவு சொன்னான், "டவுனுக்குள்ள ஓட்டுனா ஆவாது. மலை கிலை ஏறக் கூடாது, சூடு தாங்காது. திங்கக்கிழமை கொண்டாரச் சொல்லு, சத்தமும் இருக்கற மாதிரி ஏதாவது பண்ணித் தர்றேன்." அவன் சொன்னான், "சரி விட்றா, நான் சொல்லிக்கறேன்." அப்புறம் பூவு வெளிய எடுத்துட்டு வந்து முறுக்கி விட்டான், பட் பட் பட படார், ரோட்டோரம் தூங்கிட்டிருந்த நாய் எந்திரிச்சு ஓடுச்சு, கூட்டம் கத்துச்சு, யுவா பூவுவக் கட்டிப் புடிச்சு அவன் தலையில முத்தம் குடுத்தான், மண்ணெண்ணெய்த் தலையில. "ஜெட்டு மாத்திட்டியாடா?"ன்னு காதுல கத்துனான், அந்தச் சத்தத்துல. அவனுக்கு அந்த அளவுக்குத் தெரியும். பூவு தலைய ஆட்டுனான். வாயத் தொறந்து சொல்லல, ஆட்டுனான். அந்த நிமிசம் சொல்லியிருக்கலாம். மலைக்குப் போகாதன்னு ரெண்டு வார்த்த. சொன்னா ஏன்னு கேப்பான், ஏன்னு சொல்லணும், சொன்னா அந்தச் சிரிப்பு போயிரும், இப்பத்தான் கண்ணு வரைக்கும் வந்த சிரிப்பு. அதான் இன்னொருத்தன் சொல்லிக்கறேன்னுட்டானே. ராத்திரி வீட்டுக்குப் போயி ஒரு போன் பண்ணியிருக்கலாம். குளிச்சான், சாப்பிட்டான், படுத்தான். அந்தக் கூட்டத்துக் கத்தலு காதுலயே இருந்துச்சு, நல்லா தூக்கம் வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த தூக்கம் ஒண்ணு கூட அது மாதிரி இல்ல.

நட்டு வந்துருச்சு. வர்றப்ப ஒரு சத்தமும் இல்லாம வந்துச்சு, இவ்ளோ நேரம் அடம்புடிச்சது எதுக்குன்னே தெரியாம. பைப்பக் கழட்டிக் கையில எடுத்தான். வாயோரத்துல நீலம், அதுக்கு அடுத்து ஊதா, அதுக்கு அடுத்து தங்கக் கலரு, மழை பெஞ்ச ரோட்டுல டீசல் கொட்டுன மாதிரி. இதயும் நம்ம கூட்டம் அழகுன்னுதான் சொல்லும். அவன் அத எடுத்துட்டுப் போயி டயர் அடுக்குக்குப் பக்கத்துல மூலையில சாத்துனான், நீலம் செவுத்தப் பாத்த மாதிரி. அப்புறம் திரும்பி வந்து, திரும்பவும் போயி, அதத் திருப்பி வெச்சான், எந்தப் பக்கம் வெச்சாலும் நீலம் தெரிஞ்சது. கம்பெனி சைலன்சர மாட்டுனான், தூசு தொடச்சு. மாட்டுனதும் வண்டி வயசான ஆளு பல்செட்டு மாட்டுன மாதிரி மரியாதையா ஆயிருச்சு. கார்பரேட்டரத் தொறந்தான், பழைய ஜெட்டு அங்கயே இருந்துச்சு, அவன் வெச்ச எடத்துல. பெரிய ஜெட்டு எங்க இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும். ஜீன்ஸு சின்னப் பாக்கெட்டுல. சனிக்கிழமை போட்ட ஜீன்ஸு இல்ல இது, தொவைச்சு மாத்துன ஜீன்ஸு, ஆனா தெனமும் காலையில அத எடுத்து இந்தப் பாக்கெட்டுல போட்டுக்கறான். எதுக்குன்னு கேட்டா தெரியல. அங்க இருக்கணும், அவ்ளோதான். இப்பக்கூடப் போட்டு மூடிரலாம், ஒரு நிமிச வேல. யாரு தொறந்து பாத்தாலும் பெரிய ஜெட்டுதான் இருக்கும். விரல்ல தடவுனான். எடுக்கல.

பதினாலாவது வளைவு. அந்த வளைவு எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியும், ஏற்காட்டுக்கு எத்தன தடவ ஏறியிருக்கான். எடதுபக்கம் பாறை, வலதுபக்கம் சுவரு, குரங்கு உக்காந்திருக்கும். இந்த மாதிரி சைலன்சரு மாட்டுனா இன்னொண்ணும் நடக்கும், ஆரம்ப இழுவை செத்துரும். டாப்புல பறக்கும், ஆனா கீழ்க் கியர்ல, ஏத்தத்துல, மூச்சு வாங்கும். மூச்சு வாங்குனா ஓட்டறவன் என்ன பண்ணுவான், முறுக்குவான். முறுக்குனா இன்னும் காத்து, இன்னும் சூடு, பிஸ்டன் வீங்கும், வீங்கி சிலிண்டருக்குள்ள சிக்கிக்கும். அண்ணன் சொன்னது பொய் இல்ல, யுவா முறுக்கத்தான் முறுக்குனான். முறுக்காம அந்த வண்டி பத்தாவது வளைவக் கூடத் தாண்டியிருக்காது. முறுக்க வெச்சது யாருன்னுதான் அண்ணன் சொல்லல. சூடு ஏறுறது அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா, தொடையில அடிச்சிருக்கும், காலத் தள்ளி வெச்சிருப்பான், புது சைலன்சருன்னா அப்படித்தான் போலன்னு நெனச்சிருப்பான், பூவு பண்ணுனதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சிருப்பான். செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து வாய்ஸ் மெசேஜு அனுப்புனான். நாப்பது செகண்டு. பூவு ஒரு தடவதான் கேட்டான், ஆனா அது உள்ள தானா ஓடுது, நிறுத்தற பட்டன் இல்ல. "மச்சி, சாரிடா. நீ அவ்ளோ அழகா பண்ணிக் குடுத்த வண்டிய நான் கெடுத்துட்டேன். மாதேஸ் அண்ணன் சொன்னாராம், நான் கியர் மாத்தாம முறுக்கிட்டேன்னு. எனக்கு ஞாபகமே இல்லடா, இருக்கலாம். அப்பா வேற பேச மாட்டேங்கறாரு. எந்திரிச்சு வந்து பாத்துக்கறேன், நீ கோவிச்சுக்காத." கோவிச்சுக்காத. காலு ஒடஞ்சவன் ஒடச்சவன்கிட்ட சொல்ற வார்த்த. பூவு பதில் அனுப்பல. ரெண்டு தடவ டைப் பண்ணிட்டு அழிச்சான். கடைசியில ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புனான். கட்டைவிரலு. அத நெனச்சா அந்த விரல வெட்டிப் போடலாம்னு இருக்குது.

மூணரை இருக்கும். பிளக் ஸ்பேனர எடுத்தான். இனிமே தள்ளிப்போட ஒண்ணும் இல்ல. சுத்துனான், மரை மரையா வந்துச்சு, கையில எடுத்தான். பாக்காம இருந்தா கூட வெரலுக்குத் தெரிஞ்சிருக்கும், சொரசொரன்னு இருந்துச்சு. பாத்தான். சுண்ணாம்பு. முனையில இருக்கற பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அதுல கடுகு கடுகா உருகி உறைஞ்ச முத்து. கம்பி பாதி கரைஞ்சிருந்துச்சு. நாலு வருசத்துல இவ்ளோ வெளுத்த பிளக்க அவன் பாத்ததில்ல. தெரிஞ்சதுதான், தெரிஞ்சதக் கண்ணுல பாக்கறப்ப கொட்டாவி வந்துச்சு. அழுகை வரும்னு நெனச்சான், கொட்டாவிதான் வந்துச்சு, தாடை வலிக்கற கொட்டாவி, ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்படியே இந்தத் தரையில, எண்ணெய்க்கறை மேல, கன்னத்த வெச்சுப் படுத்துக்கலாம்னு இருந்துச்சு. பழைய பிளக்கெல்லாம் போட்டு வெக்கற பிஸ்கட் டப்பா பெஞ்சுக்கு அடியில இருந்துச்சு. கையவிட்டு ஒண்ண எடுத்தான், எதோ ஒரு நல்ல மனுசனோட வண்டியில ஓடுன பிளக்கு, பதமா பிஸ்கட் கலரு. வெளுத்தத சட்டைப் பாக்கெட்டுல போட்டான். நல்லத ஓட்டையில வெச்சு வெரலால சுத்துனான். ஒரு மரை, ரெண்டு மரை, மூணு மரை. லேசா போச்சு. இவ்ளோ லேசா போகும்னு நெனைக்கல. ஸ்பேனரப் போட்டு ஒரு இறுக்கு, முடிஞ்சுது, வண்டி சொல்ற சாட்சி மாறிரும், யுவா முறுக்குனான், யுவா ஆயிலு பாக்கல, யுவா யுவா யுவா. ஸ்டூல்காரன் பாத்துக்கிட்டு இருந்தான். ரெண்டு பேரு கண்ணும் ஒரு செகண்டு நேரா நின்னுச்சு. அவன் கண்ண எடுத்த வேகத்துலயே பூவுவுக்குப் பதில் வந்துருச்சு. சொல்லல. அவன் யுவாகிட்ட சொல்லவே இல்ல. ஆச்சரியமா ஒண்ணும் இல்ல, கோவமும் வரல. நல்ல வேள, குத்தத்துல இன்னொருத்தனும் இருக்கான்னு ஒரு எண்ணம் மட்டும் வந்துச்சு, வந்த ஒடனே அசிங்கமா இருந்துச்சு.

மொபட்டு சத்தம். நாலு மணின்னு சொன்னவரு முன்னாடியே வந்துட்டாரு. அர்த்தநாரி. செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறையில வேல, முப்பது வருசமா வெள்ளியில நெருப்பு வெச்சுக் கொலுசு பத்த வெச்சு ஒட்டறவரு, விரல் நுனியெல்லாம் தேஞ்சு பளபளன்னு இருக்கும். மொபட்ட நிறுத்திட்டு செருப்ப வாசல்லயே விட்டாரு, எதோ வீட்டுக்குள்ள வர்ற மாதிரி. பட்டறைக்குள்ள யாருடா செருப்பக் கழட்டறது. அண்ணன் உள்ளேர்ந்து ஓடியாந்தாரு. "வாங்க வாங்க, டீ சொல்லவா?"

"வேணாம்ங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்." வண்டியச் சுத்தி ஒரு தடவ வந்தாரு. கை வெக்கல. "இதுக்குத்தான் அந்தக் குதி குதிச்சான்"ன்னாரு. அப்புறம் மூலையில சாத்தி வெச்சிருந்த சைலன்சரப் பாத்துட்டாரு. நேரா போயி குனிஞ்சு அந்த நீலத்த கட்டைவிரலால தேச்சாரு. போகல. மறுபடியும் தேச்சாரு.

"இது சாயம் இல்லையே தம்பி. சூடுல்ல?"

"அதெல்லாம் வெளி சைலன்சருன்னா அப்படித்தான்ங்க"ன்னாரு அண்ணன். "நீலம் பூக்கும். பசங்களுக்கு அதுதான் அழகு."

"இருக்கும்ங்க. நமக்கு வண்டி தெரியாது." விரல எடுக்கல அவரு. "நாங்க பத்த வெக்கறப்ப காத்து ஜாஸ்தியாப் போயிட்டா நெருப்பு வெள்ளையா சீறும், கொலுசு முனை உருகிக் கொட்டிரும். ஒடனே காத்தக் கொறைச்சுருவோம். அதுக்குத் திருகு இருக்குது." பூவுவப் பாத்தாரு. குத்தம் கண்டுபுடிக்கற பார்வை இல்ல, நெசமாத் தெரியாம கேக்கற பார்வை. "இதுல காத்த எதுல தம்பி கொறைக்கறது?"

பூவுவுக்கு அந்தக் கேள்வி காதுல நுழைஞ்சு, தெர்மல் பேப்பர்ல நுழைஞ்சு, பதினஞ்சு பங்கு ஒரு பங்குல நுழைஞ்சு, ஜீன்ஸு பாக்கெட்டுல வந்து நின்னுச்சு. தெரியலப்பான்னு சொல்லலாம். அண்ணன் கண்ணுலயே சொல்லுடாங்கறாரு. யுவா முறுக்கிட்டான்ப்பா. நாலு வார்த்த கூட இல்ல. வாய் ரொம்பக் களைச்சுப் போயிருந்துச்சு. நாலு நாளா மூடியே வெச்சிருந்த வாய். பொய்ய எடுத்து வைக்கறதுக்குக் கூட அதுல தெம்பு இல்ல.

"ஜெட்டுலப்பா"ன்னான். "காத்தக் கொறைக்கறதில்ல, பெட்ரோல ஏத்தறது. சின்னதா ஒரு துண்டு மாத்தணும்."

"மாத்துனியா?"

"பூவு"ன்னாரு அண்ணன்.

"மாத்துனேன். திருப்பிக் கழட்டிட்டேன்." சின்னப் பாக்கெட்டுலேர்ந்து எடுத்து அவரு உள்ளங்கையில வெச்சான். சட்டைப் பாக்கெட்டுலேர்ந்து வெளுத்த பிளக்க எடுத்து அது பக்கத்துல வெச்சான். "இது அதுல இருந்தது. பாருங்க. யுவா முறுக்குனதுல ஆனது இல்லப்பா. நான் போட்டது."

அவரு பிளக்கக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. உருகுன முத்து அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. "எதுக்குத் தம்பி கழட்டுன?"

"சத்தம் நல்லா இல்ல."

"யாரு சொன்னா?"

பூவு ஸ்டூல் பக்கம் திரும்பல. "எனக்கே தோணுச்சு"ன்னான்.

அர்த்தநாரி அங்க கெடந்த டயரு மேல உக்காந்தாரு. அடிப்பாருன்னு நெனச்சோம். அடிக்கல. "நாலு நாளு"ன்னாரு. "நாலு நாளா சோத்த வெச்சுட்டு மூஞ்சியப் பாக்காம வந்துட்டிருக்கேன். தண்ணி வேணுமாப்பான்னு கூடக் கேக்கல. அவனும் ஆமாப்பா, என் தப்புதான்னுட்டு செவுத்தப் பாத்துப் படுத்துக்கறான்." பிளக்க வேட்டி முனையில தொடச்சு சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. "இத அவன்கிட்டக் காட்டறேன். நீயும் வா, நீயே சொல்லு." வண்டிய எடுக்கல. செருப்ப மாட்டுனாரு, தப்பான காலுல மாட்டி, கழட்டி, திருப்பி மாட்டுனாரு. பூவு கையக் கூடத் தொடைக்காம அவரு மொபட்டுல பின்னாடி ஏறி உக்காந்தான். அண்ணன் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னாரு. ரெண்டு பேரும் போறது திருப்பத்துல மறையற வரைக்கும் தெரிஞ்சுது, மொபட்டு தையல் மெசினு மாதிரி போச்சு.

அவ்ளோதான் மத்தியானம். என்னடா, பப்ஸு அப்படியே இருக்குது. மீதி எப்படித் தெரியும்னு கேட்டீங்கல்ல. கிரைண்டருன்னு சொன்னது நான். லைட்டப் புடிச்சது நான். சொல்லிக்கறேன்னு சொன்னதும் நான்தான், ஞாயித்துக்கிழமை காலையில யுவா எனக்கு போன் போட்டு ஏற்காடு வர்றியான்னு கேட்டான், தூக்கத்துல வரலடா போய்ட்டு வான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தேன். ஞாபகம் இருந்துச்சு. மறந்துட்டேன்னு அப்புறம் பூவுகிட்ட சொன்னது பொய்யி. ஞாபகம் இருந்துச்சு, சொல்றதுக்கு சோம்பேறித்தனமா இருந்துச்சு. அன்னைக்கு அர்த்தநாரி யாரு சொன்னான்னு கேட்டப்ப பூவுவுக்கு நாலடி தள்ளி ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். நான் வாயத் தொறக்கல.